பாய்மரப் போர்க்கப்பல்களில் பீரங்கிகள்: அடுக்கிய முறை, இயக்கிய ஆட்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்குள்ள விடைகள் பெரும்பாலும் 1760 முதல் 1815 வரையிலான பிரிட்டிஷ் கடற்படை வழக்கத்தைப் பற்றியவை. முதன்மையான எடுத்துக்காட்டு எச்.எம்.எஸ். விக்டரி. 1765இல் நீரில் இறக்கப்பட்ட இந்தக் கப்பல் 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக, அதாவது அவர் ஏறியிருந்த தலைமைக் கப்பலாக, இருந்தது. சோழமண்டலக் கரையிலும் இலங்கைக் கடலிலும் நடந்த சண்டைகள் சில இடங்களில் வரும்.

“32 ராத்தல் பீரங்கி” என்றால் பீரங்கியின் எடையா?

இல்லை. அது சுடும் உருண்டை இரும்புக் குண்டின் எடை. ஒரு ராத்தல் சுமார் 454 கிராம். எனவே 32 ராத்தல் குண்டு பதினான்கரை கிலோ. பீரங்கிக் குழலின் நீளம் 2.9 மீட்டர், எடை இரண்டே முக்கால் டன். மரவண்டியையும் சேர்த்தால் மூன்று டன்னை எட்டும்.

விக்டரியில் எந்தத் தளத்தில் எத்தனை பீரங்கிகள் இருந்தன?

டிரஃபால்கரின்போது மொத்தம் 104. கீழ்த்தளத்தில் 32 ராத்தல் பீரங்கிகள் 30, நடுத்தளத்தில் 24 ராத்தல் 28, மேல்தளத்தில் 12 ராத்தல் 30. அதற்கும் மேலே, பின்பக்கத் திறந்த தளத்தில் குட்டையான 12 ராத்தல் பீரங்கிகள் 12 இருந்தன. அணியத்தில், அதாவது கப்பலின் முன்பகுதியில், 12 ராத்தல் இரண்டும், ‘கரோனேடு’ எனப்படும் 68 ராத்தல் குட்டைப் பீரங்கி இரண்டும் நின்றன.

ஒரு பக்கப் பீரங்கிகள் எல்லாம் ஒரு முறை சுட்டால் எதிரியை நோக்கிப் போகும் இரும்பு 1,148 ராத்தல், அதாவது 520 கிலோவுக்குச் சற்று மேல். இதில் 480 ராத்தல் கீழ்த்தளத்திலிருந்து மட்டுமே வருகிறது. கப்பலின் உண்மையான பலம் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தளத்தில்தான்.

கனமான பீரங்கிகள் ஏன் கீழேயே வைக்கப்பட்டன?

கப்பல் கவிழாமல் இருக்க. எடை மேலே ஏற ஏற, காற்றில் சாய்ந்த கப்பல் மீண்டும் நிமிரும் திறன் குறையும். சுவீடனின் வாசா கப்பல் இதற்குக் கசப்பான சான்று. அதில் 64 பீரங்கிகள். அவற்றில் 48 ஒரே கனமான 24 ராத்தல் பீரங்கிகள், இரு தளங்களிலும் பரவி நின்றன. மேற்கட்டும் உயரம், அடிப்பகுதியோ போதாது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் போனதும் லேசான காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தளச் சாளரங்கள் (பீரங்கி வாய் வெளியே நீளும் ஓட்டைகள்) வழியே நீர் புகுந்து ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கியது.

கீழே வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. விக்டரியின் கீழ்த்தளச் சாளரங்கள் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருந்தன. கடல் கொந்தளித்தால் காற்றுக்கு மறுபக்கம் சாய்ந்த பக்கத்தில் அவற்றைத் திறக்கவே முடியாது; அந்நேரம் கப்பல் தன் பெரிய பீரங்கிகளை இழந்த கப்பல்தான். கப்பல் தலைவர்கள் காற்று வீசும் பக்கத்தைப் பிடிக்கப் போட்டியிட்டதைப் பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றுப் பக்கம் நிற்கும் கப்பல் எதிரியை எப்போது நெருங்குவது என்று தானே முடிவு செய்யும். ஆனால் எதிரியை நோக்கியிருக்கும் அதன் பக்கம்தான் சாய்ந்து நீரை நெருங்கும். வலுத்த காற்றில் அந்தச் சாதகம் பாதகமாகிவிடும்.

நங்கூரமிட்டு நின்ற கப்பல்கூடத் தப்பவில்லை. 1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் ராயல் ஜார்ஜ் என்ற 100 பீரங்கிக் கப்பலை, நீருக்கடியிலிருந்த ஒரு பழுதைப் பார்ப்பதற்காக, பீரங்கிகளை நகர்த்தி வேண்டுமென்றே சாய்த்தார்கள். கீழ்த்தளச் சாளரங்களில் நீர் புகுந்து நூற்றுக்கணக்கானோருடன் அது மூழ்கியது.

மேல்தளச் சாளரம் கீழ்த்தளச் சாளரத்துக்கு நேர் மேலே ஏன் இல்லை?

சாளரம் என்பது கப்பலின் பக்கச் சுவரில் வெட்டிய ஓட்டை. நேர் மேலே மேலே வெட்டினால் ஒரே விலாக்கட்டையைப் பல இடங்களில் அறுக்க நேரும். அந்த வரியில் கப்பல் பலவீனமாகும். அதனால் சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி வைத்தார்கள். சுடும்போது வரும் அதிர்வும் தளத்தைத் தாங்கும் உத்தரங்களில் பரவிப் போகும். பாய்மரங்களை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் பக்கமாகத் தீச்சுவாலை போகாதபடியும் மேல்தளச் சாளரங்களின் இடம் பார்க்கப்பட்டது.

பக்கச் சுவர் மேலே போகப் போக உள்வாங்கிச் சாய்ந்திருப்பதையும் படங்களில் காணலாம். மேல்தளப் பீரங்கிகளின் எடையைக் கப்பலின் நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுவருவதற்கு அது உதவியது.

பீரங்கி வண்டியின் பாகங்கள் எவை?

குழலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் முளைகள் வண்டியின் இரு பக்கப் பலகைகளில் உட்கார்ந்திருக்கும். மேலே இரும்புப் பட்டை பூட்டப்படும். வண்டி பொதுவாக எல்ம் மரம், நான்கு சிறு மரச்சக்கரங்கள். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றுப் பெரியவை. தளம் மழைநீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். சக்கர அளவின் வேறுபாடு அந்தச் சரிவை ஈடுசெய்து குழலைச் சமமாக வைக்கும்.

குழலின் பின்பகுதிக்கு அடியில் ஒரு மர ஆப்பு. அதை உள்ளே தள்ளினால் வாய் தாழும், வெளியே இழுத்தால் உயரும். திருகாணி ஏற்பாடு கரோனேடுகளில்தான் பரவலாக வந்தது.

கயிறுகள் மூன்று வகை. இவற்றைப் புரிந்துகொண்டால் பாதி பாடம் முடிந்தது. முதலாவது தடுப்பு வடம்: குழலின் பின்முனையைச் சுற்றிப் பக்கச் சுவரின் இரும்பு வளையங்களில் கட்டப்பட்டது. 32 ராத்தல் பீரங்கிக்கு இதன் சுற்றளவே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். சுட்டதும் பின்னோக்கிப் பாயும் மூன்று டன்னை நிறுத்துவது இதுதான். வாய் சாளரத்துக்கு உள்ளே வந்து, மீண்டும் மருந்து கெட்டிக்க இடம் கிடைக்கும் அளவுக்கு இதன் நீளம் இருக்கும். இரண்டாவது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கப்பிக் கயிறுகள்: பீரங்கியைச் சாளரத்துக்கு இழுக்க. மூன்றாவது, வண்டியின் பின்னால் தளத்தின் நடுப்பக்கம் கட்டிய ஒரு கப்பிக் கயிறு: கப்பல் உருளும்போது, கெட்டித்து முடிக்குமுன் பீரங்கி தானாகச் சாளரத்துக்கு ஓடாமல் பிடிக்க.

ஒரு பீரங்கிக்கு எத்தனை பேர்?

32 ராத்தலுக்கு சுமார் 14 பேரும் வெடிமருந்து கொண்டுவரும் ஒரு பையனும். 24 ராத்தலுக்கு 12 பேர் அளவில், 12 ராத்தலுக்கு 10 பேர் அளவில். இந்த எண்ணிக்கை ஒரு பீரங்கிக்கு அல்ல; எதிரெதிரே நிற்கும் இடது, வலது பீரங்கிகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழு. பலர் தவறவிடும் இடம் இதுதான்.

இந்த அளவின்படி விக்டரியின் மூன்று மூடிய தளங்களையும் கூட்டுங்கள்: 15 இணைகளுக்கு 225, 14 இணைகளுக்கு 168, 15 இணைகளுக்கு 150. மொத்தம் 543 பேர். டிரஃபால்கரில் கப்பலில் இருந்தவர்கள் 820 பேர் அளவில். திறந்த தளத்துப் பீரங்கிகள், பாய்கள், சுக்கான், வெடிமருந்து அறை, காயம்பட்டோர் அறை எல்லாவற்றுக்கும் மிச்சமுள்ளோரிலிருந்துதான் எடுக்க வேண்டும். 104 பீரங்கிகளுக்கும் தனித்தனியாக முழுக் குழு வைக்க வேண்டுமானால் கப்பல் அத்தனை பேரைச் சுமக்கவும் முடியாது, மாதக்கணக்கில் சோறும் தண்ணீரும் கொடுக்கவும் முடியாது.

அப்படியானால் இரு பக்கமும் எதிரி வந்தால்?

குழு இரண்டாகப் பிரியும். தலைவன் ஒரு பக்கம், துணைத் தலைவன் மறுபக்கம், பக்கத்துக்கு ஏழு பேர் அளவில். அல்லது கனத்த இழுப்பு வேலைக்கு மட்டும் ஆட்கள் பக்கம் விட்டுப் பக்கம் ஓடுவார்கள். எப்படிச் செய்தாலும் சுடும் வேகம் விழும். இரு எதிரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது தலைவர்கள் மிகவும் அஞ்சிய நிலை. இரட்டிப்பு அடி மட்டுமல்ல, பதிலடியும் பாதியாகிவிடும்.

குழுவில் யாருக்கு என்ன வேலை?

தலைவன் குறி பார்த்துச் சுடுவான். துணைத் தலைவன் திரித்துளையையும் (உள்ளிருக்கும் மருந்துக்கு நெருப்புப் போகும் சிறு துளை) சுடும் கருவியையும் கவனிப்பான். ஒருவன் ஈரத் துடைப்புக்கோல் பிடிப்பான், ஒருவன் மருந்தையும் குண்டையும் வாய்க்குள் வைப்பான். இருவர் நெம்புகோல்களால் வண்டியின் பின்பகுதியை இடம் வலமாக நகர்த்துவார்கள். மற்றவர்கள் கயிறு இழுப்பவர்கள்.

இவர்களில் பலருக்கு இரண்டாவது வேலையும் உண்டு: எதிரிக் கப்பலில் ஏறும் படை, தீயணைப்பு, பாய்களைத் திருத்துதல், நீரிறைக்கும் பம்பு. யார் எப்போது எதற்குப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். தளத்துக்கு ஒரு லெப்டினன்ட், சில பீரங்கிகளுக்கு ஒரு மிட்ஷிப்மேன் (பயிற்சி நிலை இளம் அதிகாரி) பொறுப்பு. ‘கன்னர்’ எனப்படும் அதிகாரி சண்டை நேரத்தில் பீரங்கி அருகில் இருக்கமாட்டார். கீழே வெடிமருந்து அறையில் இருப்பார்.

சுட்டதிலிருந்து அடுத்த முறை சுடுவது வரை என்ன நடக்கும்?

பீரங்கி பின்னோக்கிப் பாய்ந்து தடுப்பு வடத்தில் நிற்கும். உடனே பின்கயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். துணைத் தலைவன் திரித்துளையை விரலால் அடைப்பான். துளை திறந்திருந்தால் உள்ளே தள்ளும் கோல் காற்றை ஊதி, மிச்சமிருக்கும் தணலை மூட்டிவிடும்.

அடுத்து ஆட்டுத்தோல் சுற்றிய ஈரத் துடைப்புக்கோலை அடிவரை செலுத்தித் திருகி எடுக்க வேண்டும். சில சுற்றுக்கு ஒரு முறை, திருகு முனையுள்ள கோலால் எரியாத துணித் துண்டுகளை வழித்தெடுக்க வேண்டும். பிறகு ஃபிளானல் துணிப் பையில் கட்டிய மருந்து. 32 ராத்தலுக்கு முழு அளவு குண்டின் எடையில் மூன்றிலொரு பங்கு, அதாவது 4.8 கிலோ. கெட்டிக்கோலால் அடிவரை தள்ளும்போது தலைவன் திரித்துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பான். பை அடியை எட்டிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

பின்னர் குண்டு, அதன்மேல் பழங்கயிற்றைச் சுருட்டிச் செய்த அடைப்பு. கப்பல் உருளும்போது குண்டு முன்னால் உருண்டு வராமல் இது பிடித்துக்கொள்ளும். இப்போது எல்லாரும் பக்கக் கயிறுகளை இழுத்துப் பீரங்கியைச் சாளரத்துக்கு வெளியே தள்ள வேண்டும். காற்றில் சாய்ந்த கப்பலின் மேட்டுப் பக்கம் நிற்பவர்களுக்கு இது மலையேற்றம்; ஆள் குறைந்தால் முதலில் தெரிவது இந்த இடத்தில்தான். தலைவன் கம்பியால் மருந்துப் பையைக் குத்தித் துளையிட்டு, நுண்மருந்து நிரப்பிய இறகுக் குழாயைத் திரித்துளையில் செருகுவான். நெம்புகோலாலும் ஆப்பாலும் குறி வைத்து, பின்பாய்ச்சலுக்கு எட்டாத தூரத்தில் நின்று, கப்பலின் உருளலைப் பார்த்துச் சுடும் கருவியின் கயிற்றைச் சுண்டுவான்.

திரி வைத்துப் பற்றவைக்கவில்லையா?

பழைய முறை அது. தணல் திரியை வைத்ததற்கும் குண்டு கிளம்பியதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. உருளும் கப்பலில் அந்த நொடியில் குழல் கடலையோ வானத்தையோ பார்க்கும். சார்ல்ஸ் டக்ளஸ் என்ற கப்பல் தலைவர் 1770களின் இறுதியில் டியூக் கப்பலில் தன் சொந்தச் செலவில் சக்கிமுக்கிக் கருவிகளைப் பொருத்தினார். பின்னர் பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் அது பரவியது. ஆனாலும் கருவி பழுதானால் பயன்படுத்த, நீர்த்தொட்டியின் மேல் தணல் திரி எப்போதும் தயாராகத் தொங்கும்.

எவ்வளவு வேகமாகச் சுட்டார்கள்?

நன்கு பழகிய குழு ஐந்து நிமிடத்தில் மூன்று முறை. பிரிட்டிஷ் தளபதி காலிங்வுட் தலைமையில் பழகிய டிரெட்நாட் கப்பல் மூன்றரை நிமிடத்தில் மூன்று முறை சுட்டதாகப் புகழ்பெற்றது. இவை தொடக்க வேகங்கள். அரைமணி போனால் கை சோர்ந்து, புகை மூடி, ஆட்கள் விழுந்து வேகம் குறையும். முதல் சுற்றுதான் அவசரமின்றி, சரியாகக் கெட்டித்து வைத்த சுற்று. அதைத் தூரத்திலேயே வீணாக்காமல் காத்திருப்பது தலைவரின் திறமை.

ஒரு பக்கம் முழுவதும் ஒரே நொடியில் வெடிப்பதைத் திரைப்படங்களில் காட்டுவார்கள். உண்மையில் அது கப்பலின் உடலையே உலுக்கும். அணியத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சுட்டு, அதன்பின் ஒவ்வொரு குழுவும் தன் வேகத்துக்குச் சுடுவதே வழக்கம்.

என்னென்ன தவறாகப் போகலாம்?

துடைப்பு சரியில்லையென்றால் உள்ளே நெருப்புத் துணுக்கு தங்கும். அடுத்த மருந்துப் பை கெட்டிக்கும்போதே வெடித்து, கோல் பிடித்தவனின் கையைப் பறிக்கும். குண்டு அடிவரை போகாமல் இடையில் நின்றால் குழல் வெடிக்கலாம். இரட்டைக் குண்டு போட்டு மருந்தைக் குறைக்காவிட்டாலும் அதே ஆபத்து. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய பீரங்கி முன்னிலும் வேகமாகப் பாயும், துள்ளவும் செய்யும். தடுப்பு வடமும் வளையங்களும் அறுவது அப்போதுதான். அறுந்தால் மூன்று டன் இரும்பு ஆட்களுக்கு நடுவே தறிகெட்டு ஓடும். புயல் நேரத்தில் வாயைச் சாளரத்தின் மேல்சட்டத்தோடு சேர்த்து இறுகக் கட்டிவைத்தது இந்த அச்சத்தால்தான்.

காது கேளாமை மிகச் சாதாரணம். துணியால் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், அது போதவில்லை.

எதிரியின் குண்டைவிட, அது கப்பலின் சுவரைத் துளைக்கும்போது தெறிக்கும் மரச்சிம்புகளே அதிகம் பேரை வீழ்த்தின.

வெடிமருந்து எப்படி மேலே வந்தது?

இந்தப் பாதைக்கு உரிய கவனம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. ஒரு பீரங்கி ஐந்து நிமிடத்துக்கு 14 கிலோவுக்கு மேல் மருந்து கேட்கும். அதைப் பக்கத்தில் குவித்து வைக்க முடியாது. ஒரு பொறி போதும்.

மருந்து அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். உள்ளே விளக்குக் கிடையாது; பக்கத்துச் சிற்றறையில் விளக்கை ஏற்றி, கண்ணாடிச் சாளரம் வழியே வெளிச்சம் விடுவார்கள். பொறி பறக்கும் இரும்புக்குப் பதில் செம்பு. கால்களில் மென்செருப்பு. வாசலில் நனைத்த கம்பளித் திரை, அதிலுள்ள ஓட்டை வழியே பை கைமாறும். பையன்கள் மூடியுள்ள பெட்டியில் ஒரு நேரத்துக்கு ஒன்றாக எடுத்துவருவார்கள். ஏணிப்படிகளில் காவலர் நிற்பார். மருந்து எடுப்பவர் தவிர, பயந்து கீழே ஓடுபவர் யாரையும் விடமாட்டார். தளங்களில் நீர் தெளித்து மணல் தூவியிருக்கும்.

கரோனேடு எதற்கு?

ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையில் உருவானதால் அந்தப் பெயர். குழல் குட்டை, மருந்து குறைவு, குண்டு பெரிது, ஆட்களும் குறைவு. 68 ராத்தல் கரோனேடு ஒரு 32 ராத்தல் நெடும்பீரங்கியைவிட எடை குறைந்தது. ஆனால் அருகில் வந்தால்தான் அதற்கு மதிப்பு. டிரஃபால்கரில் விக்டரி, பிரெஞ்சுக் கொடிக்கப்பல் பூசாந்தோரின் பின்புறத்தைக் கடக்கும்போது, ஒரு 68 ராத்தல் குண்டோடு 500 துப்பாக்கிக் குண்டுகள் அடங்கிய பீப்பாயையும் சேர்த்துச் சுட்டது. பின்புறம் கண்ணாடிச் சன்னல்கள் நிறைந்த மெல்லிய சுவர். அங்கே நுழைந்த குண்டு தளத்தின் முழு நீளத்துக்கும் ஓடும்.

நம் கடற்கரையில் இத்தகைய சண்டை நடந்ததா?

1782, 1783 ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கீழைக்கரையில் புரோவிதியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். நாகப்பட்டினத்தில் நடுச்சண்டையில் காற்று திசைமாறி இரு அணிகளும் குலைந்தன.

பீரங்கிக் குழு பற்றிய நம் பேச்சுக்கு முக்கியமானது கடலூர், 1783 ஜூன் 20. சுஃப்ரனிடம் 15 பெரிய கப்பல்கள், ஹியூஸிடம் 18. பிரெஞ்சுக் கப்பல்களில் ஆள் பற்றாக்குறை. கடலூரில் முற்றுகையில் சிக்கியிருந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புசியின் படையிலிருந்து, சிப்பாய்கள் உட்பட, 1,200 பேரைச் சுஃப்ரன் ஏற்றிக்கொண்டார். குறி பார்க்கக் கற்றுத்தர நாளில்லை. ஆனால் கயிறு இழுக்கவும் பீரங்கியைத் தள்ளவும் அவர்கள் போதும். ஹியூஸின் கப்பல்களிலோ ஸ்கர்வி நோய் ஆட்களைச் சாய்த்திருந்தது. கப்பல் எதுவும் பிடிபடவில்லை, ஆனால் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூரின் கடல்வழி திறந்தது. ஐரோப்பாவில் முன்னரே சமாதானத்துக்கு உடன்பட்டுவிட்ட செய்தி சில நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

“38 பீரங்கிக் கப்பல்” என்றால் சரியாக 38 தானா?

பெரும்பாலும் இல்லை. 1817 வரை கரோனேடுகள் கணக்கில் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. 38 என்ற கப்பலில் 46 இருக்கலாம். கப்பல்களை ஒப்பிடும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு பக்கக் குண்டு எடையைக் கூட்டிப் பாருங்கள். அதோடு குழு எத்தனை காலம் சேர்ந்து பழகியது என்றும் கேளுங்கள். 1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல் ஷானனும் அமெரிக்கக் கப்பல் செசபீக்கும் ஏறத்தாழச் சம பலத்தோடு மோதின. ஷானனின் தலைவர் ஃபிலிப் புரோக் ஏழாண்டுகளாக அதே கப்பலில் ஆட்களைப் பழக்கியவர்; பீரங்கிகளில் குறிகாட்டி பொருத்தி, எல்லாக் குழல்களும் ஒரே இடத்தை நோக்கத் தளத்தில் கோடுகள் வெட்டியிருந்தார். செசபீக்கின் தலைவரோ புதிதாகப் பொறுப்பேற்றவர். கால்மணி நேரத்துக்குள் செசபீக் பிடிபட்டது.

இவற்றை இன்று எங்கே நேரில் பார்க்கலாம்?

விக்டரி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலும், வாசா ஸ்டாக்ஹோமிலும் உள்ளன. இங்கிலாந்திலேயே ஹார்ட்ல்பூலில் இருக்கும் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் இறக்கியது. அதன் பீரங்கித் தளத்தில் 28 பீரங்கிகளுக்கான அமைப்பைக் காணலாம். போனால் முன், பின் சக்கர அளவின் வேறுபாட்டையும், பக்கச் சுவரின் இரும்பு வளையங்களையும் பாருங்கள். ஒரு பீரங்கிக்குப் பின்னால் நின்று, தடுப்பு வடம் எவ்வளவு தூரம் பின்பாய்ச்சலை விடும் என்று கண்ணால் அளந்து, அந்த இடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கெங்கே நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.